உப்புக்காற்றில் ஒரு சின்ன ரயில்பாதை: பொயின்ற் மோட்டரும் தண்டவாள மின்சாரமும்

எட்டடிப் பலகையில் ஓடுகிற மாதிரி ரயில் திடீரென்று நின்றால் கை முதலில் போவது என்ஜினுக்குத்தான். கழற்றி, சில்லுத் துடைத்து, திரும்ப வைத்தால் அதே இடத்தில் அது மறுபடி நிற்கும். என்ஜினில் பிழை இருப்பது குறைவு. பிழை ஒரு பிஷ்பிளேற்றுக்குள் (இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் கோர்க்கிற சிறு தகடு) அல்லது ஒரு பொயின்ற்றின் (ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம்) அசைகிற நாக்கு நுனியில் இருக்கும். அந்த இரண்டு இடத்திலும் உலோகம் உலோகத்தைத் தொட்டு நிற்கிற தயவில்தான் மின்சாரம் போகிறது. திருகோணமலையில் அந்தத் தயவுக்கு ஆயுள் குறைவு. உப்புவெளியிலோ டச்சுக்குடாப் பக்கமோ வீடு என்றால் ஜன்னலின் பித்தளைக் கொண்டி பச்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஷ்பிளேற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

ஆகவே நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: தண்டவாளத்தின் வேலை சில்லைத் தாங்குவது, மின்சாரத்தைக் கொண்டுபோவது வயரின் வேலை. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தன் வயர், ஒவ்வொரு பொயின்ற்றுக்கும் தன் மூக்கு சுவிச் (மூக்கு எது என்று கீழே வரும்). கீழே வருவதெல்லாம் இந்த விதியைப் பலகையில் செய்து காட்டுவதுதான்.

பாதை

எடுத்துக்காட்டாக ஒரு சின்ன முடிவிட நிலையம். 8 × 4 அடி பிளைவூட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 8 × 2 அடியில் இரண்டு பலகை வரும். ஒன்று போதும். 12 மி.மீ. பலகை, கீழே 2 × 1 அங்குலச் சட்டம். இரண்டு பக்கமும் விளிம்புகளும் பெயின்ற் குடித்திருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் பூசினால் மார்கழி மழையில் பலகை வளையும், பொயின்ற்றும் கூடவே வளையும்.

பாதை 16.5 மி.மீ. அளவு, ஓஓ என்று விற்பது. நம்முடைய உண்மையான அகலப் பாதை 1,676 மி.மீ.; 1:76 அளவில் அது 22 மி.மீ. வர வேண்டும். ஆகவே கடையில் வாங்கும் தண்டவாளம் கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ நிற்கிற ரயிலின் பாதையைவிட ஒல்லியாகத்தான் தெரியும். அதைத் திருத்தப் போனால் எல்லாவற்றையும் கையால் கட்ட வேண்டும். முதல் பலகைக்கு அந்த வீம்பு வேண்டாம்.

பொயின்ற் மூன்று. உள்ளே வரும் பாதை முதலாவது பொயின்ற்றில் மேடைப் பாதை, சுற்றுப் பாதை என்று பிரிகிறது. மறுமுனையில் இரண்டாவது பொயின்ற்றில் இரண்டும் சேர்ந்து, என்ஜின் ஒன்று நிற்கிற அளவு குட்டைத் துண்டில் முடிகிறது. பெட்டிகளை மேடையில் விட்டுவிட்டு என்ஜின் இந்தத் துண்டுக்குப் போய், சுற்றுப் பாதையால் திரும்பி, மறுபக்கம் வந்து பூட்டிக்கொள்ளும். மூன்றாவது பொயின்ற் சுற்றுப் பாதையில் இருந்து ஒரு பக்கவழியைப் பிரிக்கிறது. சீனக்குடாவில் மாவு ஆலைக்கு வண்டி போவதை நினைத்து இதைச் செய்தால் சாமான் பெட்டிகளுக்கும் வேலை இருக்கும்.

பொயின்ற்றின் மூக்கு

இரண்டு பாதைகளின் உள் தண்டவாளங்கள் கூர்மையாகச் சந்திக்கிற இடத்தை ஆங்கிலத்தில் புரொக் என்பார்கள். இங்கே மூக்கு என்றே எழுதுகிறோம். அசைகிற இரண்டு ஒல்லித் துண்டுகள் நாக்கு. நாக்கு சென்று ஒட்டிக்கொள்கிற அசையாத தண்டவாளம் பக்கத் தண்டவாளம்.

பெக்கோ நிறுவனத்தின் பொயின்ற்றுகளில் மூன்று வகை கிடைக்கும். இன்சுல்புரொக்கில் மூக்கு பிளாஸ்ரிக். வயர் வேலை குறைவு, பிஷ்பிளேற்றால் கோர்த்தவுடன் ஓடும். ஆனால் நான்கு சில்லுக் குட்டி என்ஜின் அந்தப் பிளாஸ்ரிக்கில் மெதுவாகப் போனால் நிற்கும். எலெக்ட்ரோபுரொக்கில் மூக்கு உலோகம். என்ஜின் நிற்காது, ஆனால் மூக்குக்கு வலது மின்சாரமா இடது மின்சாரமா என்று பொயின்ற் திரும்பும்போதெல்லாம் மாற்றிக் கொடுக்க வேண்டும். யுனிபுரொக் இரண்டுக்கும் நடுவில்: மூக்கின் சிறு பகுதி மட்டும் தனியாக இருக்கும், வேண்டுமானால் அதற்கு மின்சாரம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். இப்போது வாங்குகிறவர் யுனிபுரொக்கையே எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பெட்டிகளில் மற்ற இரண்டும்தான் இருக்கும்.

இன்சுல்புரொக்கில் ஒரு பழைய கோளாறு உண்டு. மூக்கின் நுனியில் இரண்டு தண்டவாளமும் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில்தான் நிற்கின்றன. அகலச் சில்லு ஒன்று இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் சின்னப் பொறி தட்டி கொன்ட்ரோலர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கிற வேகப் பெட்டி) ஒரு நொடி இறங்கும். நுனியில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் ஐந்தாறு மில்லிமீற்றருக்கு நகப்பூச்சுத் தடவிவிட்டால் அடங்கும். தேய்ந்தால் திரும்பப் பூச வேண்டும், அவ்வளவுதான்.

எலெக்ட்ரோபுரொக் வாங்கியபடியே பொருத்தினால் மூக்கும் இரண்டு நாக்கும் ஒரே மின்சாரத்தில் இருக்கும். அந்த மின்சாரம், ஒட்டி நிற்கிற நாக்கு பக்கத் தண்டவாளத்தைத் தொடுகிற தொடுப்பால்தான் வருகிறது. நாக்கு நுனியில் தூசி அல்லது உப்புப் படிவு இருந்தால் மூக்கு செத்துவிடும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: திறந்து நிற்கிற நாக்குக்கும் அதன் பக்கத் தண்டவாளத்துக்கும் எதிர் மின்சாரம். சில்லின் முதுகு அந்த நாக்கை உரசினால் ஷோர்ட்.

இரண்டையும் ஒரே வேலையில் தீர்க்கலாம். பொயின்ற்றைக் கவிழ்த்தால் நாக்கோடு வருகிற தண்டவாளத்தையும் மூக்கையும் இணைக்கிற இரண்டு மெல்லிய கம்பிகள் தெரியும். அவற்றை வெட்டுங்கள். ஒவ்வொரு நாக்குத் தண்டவாளத்தையும் அதன் பக்கத்தில் உள்ள பக்கத் தண்டவாளத்தோடு ஒரு சிறு கம்பியால் சோல்டர் பிடியுங்கள். தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக் கட்டைகளான சிலிப்பர்களுக்கு நடுவில் அதற்கென்று இடைவெளி விட்டிருப்பார்கள். மூக்கின் அடியில் வருகிற வயரைத் தனியாக நீட்டி விடுங்கள். இனி திறந்த நாக்கும் பக்கத் தண்டவாளமும் ஒரே மின்சாரம், உரசினால் உரசட்டும். பொயின்ற்றைப் பலகையில் ஒட்டிய பிறகு இதைச் செய்ய முடியாது.

மூக்கிலிருந்து வெளியே போகிற இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்ரிக் பிஷ்பிளேற் போட்டே ஆக வேண்டும். மூன்று பொயின்ற்றுக்கு ஆறு. பாதை அப்படியே தொடர்கிறதே, எதற்கு என்று ஒன்றை விட்டால் பொயின்ற்றை ஒரு பக்கம் திருப்பியவுடன் கொன்ட்ரோலர் விழும், மறுபக்கம் திருப்பினால் எழும். அந்த அறிகுறி தெரிந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

வயர் கணக்கு

பலகையின் அடியில் நீளத்துக்கு இரண்டு தடித்த வயர், சிவப்பும் கறுப்பும். வீட்டு வயரிங் கடையில் 1/1.13 என்று கேட்டால் 1 சதுர மி.மீ. செம்பு ஒற்றைக் கம்பி கொடுப்பார்கள். எட்டடிப் பலகைக்கு அது தாராளம். போய்வர 5 மீற்றர் என்று வைத்தால் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. 3 அம்பியர் இழுத்தாலும் கால் வோல்ற்தான் இழப்பு. அறையைச் சுற்றி ஓடுகிற டி.சி.சி. (ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிற முறை) பாதையானால் 7/0.67, அதாவது 2.5 சதுர மி.மீ., போடுங்கள்.

இந்த இரண்டிலிருந்தும் தண்டவாளத்துக்கு ஏறுகிற சிறு வயர்களுக்கு இணையக் கேபிளின் வெட்டுத்துண்டு நல்லது. உள்ளே அரை மி.மீ. தடிப்பில் எட்டுக் கம்பி, நிறமும் வேறுவேறு. ஒரு சாண் நீளத்தில் தடை கணக்கில் வராது. ஆனால் வாங்குமுன் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். சோல்டர் சரியாகப் பிடிக்காது, இரண்டு தடவை வளைத்தால் முறியும். மலிவாக விற்கிற கேபிள்களில் பல அந்த ரகம்.

எத்தனை வயர் என்றால்: உள்ளே வரும் பாதை, மேடைப் பாதை, சுற்றுப் பாதையின் இரண்டு பாதி, பக்கவழி, முனைத் துண்டு, ஆக ஆறு பகுதிக்குப் பன்னிரண்டு. மூன்று பொயின்ற்றின் பக்கத் தண்டவாளங்களுக்கு ஆறு. மூக்குக்கு மூன்று. மொத்தம் இருபத்தொன்று. நிலையத்துக்கு வெளியே பாதை நீண்டு போனால் 914 மி.மீ. நீளமான ஒவ்வொரு வளைதண்டவாளத் துண்டுக்கும் இரண்டு கூடும். அதிகம்போலத் தோன்றும். ஒரு பின்னேரத்து வேலைதான்.

சோல்டர் பிடிக்க 40 வாற் இரும்பு, 60/40 ஈயம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை மணல்தாளால் பளபளக்கத் தேய்த்து, முதலில் அதில் கொஞ்சம் ஈயம் ஏற்றுங்கள். வயர் நுனியிலும் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இரும்பை இரண்டு நொடி வைத்தால் போதும். ஐந்து நொடி பிடித்தால் சிலிப்பர் உருகி, தண்டவாள இடைவெளி குறுகிவிடும். இரண்டு பக்கமும் நனைத்த பஞ்சு வைத்தால் சூடு ஓடாது. இரும்பு சின்னதாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று 15 வாற் வாங்குகிறவர்கள்தான் சிலிப்பரை அதிகம் உருக்குகிறார்கள்; சூடு போதாமல் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டி வருகிறது. குழாய் வேலைக்கு விற்கிற அமிலப் பசையைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். அதன் மிச்சம் ஈரக்காற்றை உறிஞ்சி மூட்டை உள்ளிருந்தே அரிக்கும். றொசின் மட்டும்.

நிக்கல் சில்வர் என்ற பெயரைக் கேட்டு வெள்ளி என்று நினைக்க வேண்டாம். செம்பு, நாகம், நிக்கல் கலவைதான். ஆனாலும் பழைய எஃகுத் தண்டவாளத்தைவிட எவ்வளவோ மேல். எஃகு இந்த ஊரில் ஒரு மழைக்காலம் தாண்டாது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

என்ஜினை நிறுத்தி வைக்கும் துண்டுகள்

இது சாதாரண டி.சி. ஓட்டத்துக்கு மட்டும். ஒரு கொன்ட்ரோலர், 0 முதல் 12 வோல்ற் வரை. இரண்டு என்ஜினை ஒரே பாதையில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஒன்றை உறங்க வைக்க, அது நிற்கிற துண்டின் ஒரு தண்டவாளத்துக்குப் போகிற வயரில் சாதாரண ஓன்-ஓவ் சுவிச் போட வேண்டும். பக்கவழிக்கு ஒன்று, முனைத் துண்டுக்கு ஒன்று போதும்.

பக்கவழியில் புதிதாகத் தண்டவாளம் வெட்டத் தேவையில்லை. மூக்குக்காகப் போட்ட பிளாஸ்ரிக் பிஷ்பிளேற் ஏற்கெனவே அதன் உள் தண்டவாளத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்டவாளத்துக்கு வருகிற வயரை சுவிச் வழியாக எடுத்தால் வேலை முடிந்தது. முனைத் துண்டு பொயின்ற்றின் நாக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஏழாவது பிளாஸ்ரிக் பிஷ்பிளேற் தேவை. துண்டின் நீளம் என்ஜினைவிட ஐந்து சென்றிமீற்றராவது கூட இருக்கட்டும். சரியாக அளந்து வைத்தால் கடைசிச் சில்லு வெளியே நின்று, சுவிச்சை அணைத்தாலும் என்ஜின் ஓடும்.

வாளால் வெட்டிய இடைவெளியை அப்படியே விடக்கூடாது. ஒரு மீற்றர் தண்டவாளம் 15 பாகை சூடேறினால் கால் மில்லிமீற்றர் நீளும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பலகை காய்ந்து சுருங்கும், தண்டவாளம் சூட்டில் நீளும். இரண்டும் ஒரே பக்கம் தள்ள, தையில் வெட்டிய இடைவெளி ஆடியில் மூடிவிடும். பிளாஸ்ரிக் துண்டு ஒன்றைச் செருகி எப்பொக்சி பூசி, காய்ந்த பிறகு அரத்தால் சமன் செய்யுங்கள்.

டி.சி.சி. என்றால் இந்த சுவிச் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு என்ஜினுக்கும் முகவரி உண்டு. ஆனால் வயர்களும் மூக்கு சுவிச்சும் முன்பைவிட முக்கியமாகிவிடும். கண்ணிமைக்கும் நேர ஷோர்ட்டுக்கும் டி.சி.சி. பெட்டி முழுப் பாதையையும் அணைத்துவிடும். வயர் போதுமா என்று பார்க்க ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பாதையில் எங்கே வைத்தாலும் பெட்டி உடனே அணைய வேண்டும். ஓர் இடத்தில் அணையாமல் முனகினால் அங்கே வயர் ஒல்லி அல்லது மூட்டு பிழை. ஒரு நாள் ஏதாவது உருகும் இடமும் அதுதான்.

பொயின்ற் மோட்டர்

பெக்கோ பிஎல்-10 போன்ற இரட்டைக் காயில் மோட்டரில் இரண்டு காயில், நடுவில் ஓர் இரும்புத் தண்டு. ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் தண்டு அந்தப் பக்கம் பாயும். பாய்வதற்கு ஒரு நொடியில் சிறு பங்குதான் வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் சூடு. காயிலின் தடை 4 முதல் 5 ஓம். 16 வோல்ற்றில் மூன்றரை அம்பியர், ஐம்பது வாற்றுக்கு மேல். கட்டைவிரல் அளவுச் சாமானில் அத்தனை சூடு ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மணமே சொல்லும்.

அதனால் இதற்கு வீட்டு விளக்கு சுவிச்போல நிற்கிற சுவிச் கூடாது. அமுக்கினால் தொட்டு, விட்டால் விலகுகிற பொத்தான், அல்லது நடுவில் ஓய்ந்து இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் திரும்புகிற சுவிச் வேண்டும். அதுவும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். உப்புக்காற்றில் அந்த நாள் சீக்கிரமே வரும். ஒட்டினாலும் காயில் தப்ப வேண்டுமானால் சி.டி.யு. கட்டுங்கள். பெரிய கப்பாசிற்றர், பாடசாலைப் புத்தகத்தில் கொள்ளளவி, அதை மெதுவாக நிரப்பி ஒரே அடியாய்க் கொட்டுகிற சுற்று.

சாமான் பட்டியல் சின்னது. பழைய லெப்டொப் அடப்ரர் ஒன்று, 19 வோல்ற். 4700 மைக்ரோபரட், 50 வோல்ற் கப்பாசிற்றர் இரண்டு. 47 ஓம் 10 வாற் சீமெந்து ரெசிஸ்ரர். 1என்4007 டயோட் ஒன்று, 1என்5401 ஒன்று. அடப்ரரின் நேர்முனையிலிருந்து ரெசிஸ்ரர், அதிலிருந்து 1என்4007. வெள்ளைக்கோடு கப்பாசிற்றர் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு கப்பாசிற்றரும் பக்கம்பக்கமாக, நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை. அவற்றின் குறுக்கே 1என்5401, வெள்ளைக்கோடு நேர்முனையில். காயில் திருப்பி உதைக்கிற மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும். கப்பாசிற்றரின் நேர்முனையிலிருந்து எல்லாப் பொத்தானுக்கும் ஒரு வயர், பொத்தானிலிருந்து காயில் ஒன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு மோட்டரிலும் இரண்டு காயிலின் மற்ற முனைகளைச் சேர்த்து ஒரே பொது வயரில் எதிர்முனைக்கு. கப்பாசிற்றரைத் தலைகீழாகக் கட்டினால் வெடிக்கும். முதல் தடவை மின்சாரம் கொடுக்குமுன் மீற்றரால் பாருங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கணக்கு இப்படி. டயோட் போக 18 வோல்ற் சொச்சம், 9400 மைக்ரோபரட், சுமார் 1.6 ஜூல். ஒரு மோட்டருக்கு இது போதும். ஒரே பொத்தானில் இரண்டு பொயின்ற் திருப்ப வேண்டுமானால் 24 வோல்ற் அடப்ரருக்குப் போங்கள். அதே கப்பாசிற்றரில் இரண்டரை ஜூல் கிடைக்கும். நிரம்ப இரண்டு நொடி பிடிக்கும். 19 வோல்ற் அடப்ரரில் பொத்தான் ஒட்டிக்கொண்டால் 47 ஓம் தடுத்து 0.36 அம்பியர்தான் போகும்: காயிலில் அரை வாற் சொச்சம், ரெசிஸ்ரரில் 6 வாற். சூடு பிடிப்பது ரெசிஸ்ரர், அதனால்தான் 10 வாற். 5 வாற் போட்டுக் கருக்கியவர்கள் உண்டு.

றேடியோ திருத்துமிடத்தில் 12-0-12 ரான்ஸ்போமர் மலிவாகக் கிடைக்கும். இரண்டு ஓர முனையையும் எடுத்தால் 24 வோல்ற் ஏ.சி. ஆனால் பிரிட்ஜ் டயோட் வழியாகக் கப்பாசிற்றரில் ஏறுவது 24 அல்ல, உச்சம்: 32, 33 வோல்ற். சுமை இல்லாத ரான்ஸ்போமர் சொன்னதைவிடக் கூடவே கொடுக்கும். அங்கே 35 வோல்ற் கப்பாசிற்றர் போட்டால் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதோடு, பலகைக்குக் கீழே 230 வோல்ற் வரவே கூடாது என்பது எங்கள் பிடிவாதம். மூடிய அடப்ரர் சுவரில் இருக்கட்டும். பலகைக்கு வருவது 24 வோல்ற்றுக்குள் இருக்கட்டும். சிவப்பு, கறுப்பு என்று வீட்டு வயர் நிறத்திலேயே நாம் கட்டியிருப்பதால் கலந்துபோனால் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகைப் பின்னேர இடிக்குப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சி.டி.யு.வையும் தண்டவாள மின்சாரத்தையும் எங்கும் சேர்க்க வேண்டாம். ஒரு வயர் மிச்சம் என்று பொது வயரை இரண்டுக்கும் பயன்படுத்தினால் கோளாறு வரும்போது எது எதிலிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாது.

மோட்டருக்குப் போகிற வயரில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். இணையக் கேபிள் கம்பியில் நான்கு மீற்றர் தள்ளி ஒரு மோட்டர் வைத்தால் போய்வர எட்டு மீற்றர், 0.7 ஓம். நான்கரை ஓம் காயிலுக்கு முன்னால் அது சும்மா அல்ல: அடியில் ஏழில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். 0.5 சதுர மி.மீ. பல்லிழை வயர் போடுங்கள். எட்டடிப் பலகையில் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுவில் இருந்தால் இது பெரிய பிரச்சினை இல்லை. ஓரத்தில் இருந்தால் தூர மோட்டர் மட்டும் சோம்பும்.

பொருத்துகிறபோது நேர்த்தி ஒன்றுதான் முக்கியம். இரண்டு பக்கமும் நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையில் தீக்குச்சித் துண்டு வைத்து, நாக்கைச் சரியாக நடுவில் நிறுத்துங்கள். மோட்டரின் தண்டையும் நடுவில் நிறுத்துங்கள். அந்த நிலையில் திருகை இறுக்குங்கள். ஒரு பக்கம் பாய்ந்து மறுபக்கம் பாதியில் நிற்கிற மோட்டர் அநேகமாக ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டியதுதான். கூட வோல்ற் கொடுத்து அதைத் திருத்தப் பார்த்தால் நாக்கின் சோல்டர் விட்டுப்போகும். பிளைவூட்டுக்குக் கீழே பூட்டுவதானால் நீள ஊசி உள்ள பிஎல்-10இ எடுத்து, இரண்டு நாக்கையும் சேர்த்து அசைக்கிற இணைகட்டைக்கு நேர் கீழே 10 முதல் 12 மி.மீ. துளை போடுங்கள். பெக்கோ பொயின்ற்றில் இருக்கிற குட்டி ஸ்பிரிங்கைக் காயில் மோட்டருக்கு விட்டுவைக்க வேண்டும், நாக்கை ஒட்டிப் பிடிப்பது அதுதான்.

மூக்கு சுவிச் மோட்டரோடு சேர்ந்து அசைகிற மாதிரி இருக்க வேண்டும். பிஎல்-13 போன்றவை மோட்டரின் கீழேயே மாட்டிக்கொள்ளும். நடு முனை மூக்குக்கு, இரண்டு ஓர முனையும் சிவப்புக்கும் கறுப்புக்கும். எது எதற்கு என்று தலையை உடைக்க வேண்டாம்: ஒட்டி நிற்கிற நாக்கு எந்தப் பக்கத் தண்டவாளத்தைத் தொடுகிறதோ மூக்குக்கும் அதே மின்சாரம். கட்டிவிட்டுப் பொயின்ற்றைத் திருப்பியதும் ஷோர்ட் ஆனால் ஓர வயர் இரண்டையும் மாற்றிப் பிடியுங்கள். திறந்த தொடுப்புள்ள சுவிச்சைவிட மூடிய மைக்ரோ சுவிச் இந்த ஊருக்கு நல்லது.

சேர்வோ

காயிலின் டக் என்ற சத்தம் பிடிக்காதவர்கள் எஸ்ஜி90 சேர்வோவுக்கு (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற குட்டி மோட்டர்) போகலாம். மலிவு, மெதுவாக நகரும், உண்மைப் பொயின்ற்போல இருக்கும். 5 வோல்ற், ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் ஒரு துடிப்பு, 1 முதல் 2 மில்லிநொடி நீளம். ஆடுயீனோ நானோ என்ற குட்டிக் கணினிப் போர்ட் ஒன்று மூன்று சேர்வோவைப் பார்த்துக்கொள்ளும். 0.8 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்று போதும். கம்பி வளைந்து கொடுப்பதுதான் நாக்கை அழுத்திப் பிடிக்கும், ஆகவே தடித்த கம்பி வேண்டாம். பொயின்ற்றின் ஸ்பிரிங்கை இங்கே கழற்றிவிடலாம்.

சேர்வோவுக்கான 5 வோல்ற்றை ஆடுயீனோவின் முனையிலிருந்து எடுக்கிற தவறு மிகப் பரவலானது. சேர்வோ முட்டி நிற்கும்போது பல நூறு மில்லிஅம்பியர் இழுக்கும். போர்ட் மயங்கி மறுபடி தொடங்கும், தொடங்கும்போது எல்லாச் சேர்வோவும் ஒரு தடவை துள்ளும். தனியாக 2 அம்பியர் போன் சார்ஜரும், சேர்வோவின் பக்கத்திலேயே 1000 மைக்ரோபரட் கப்பாசிற்றரும் போட்டு, சார்ஜரினதும் ஆடுயீனோவினதும் எதிர்முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். கரண்ட் போய் வரும்போது சேர்வோ துள்ளுவது முழுதாக நிற்காது. அந்த நேரம் பொயின்ற்றின் மேல் பெட்டி நின்றால் தடம்புரளும். கரண்ட் அடிக்கடி போகிற வீட்டுக்குக் காயில் மோட்டரே எங்கள் தெரிவு: விட்ட இடத்தில் நிற்கும்.

டோர்ட்டஸ் போன்ற மெது மோட்டரும் உண்டு. 12 வோல்ற், முட்டி நிற்கும்போதும் இருபது மில்லிஅம்பியருக்குள். சி.டி.யு. தேவையில்லை, மூக்கு சுவிச் உள்ளேயே இருக்கும். விலையும் அளவும் பெரிது.

கோளாறு தேடும்போது

முச்சக்கரவண்டி உதிரிப்பாகக் கடையில் 12 வோல்ற் 10 வாற் பல்ப் ஒன்று வாங்கி, கொன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகிற ஒரு வயரில் இடையே கட்டுங்கள். என்ஜின் சாதாரணமாக ஓடும்போது பல்ப் மங்கலாக இருக்கும். ஷோர்ட் என்றால் பளிச்சென்று எரியும், 0.8 அம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. பிறகு ஆறுதலாகப் பொயின்ற்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், எதில் அணைகிறது என்று.

மோட்டர் முதல் தடவை திரும்பி, உடனே அடுத்ததை அமுக்கினால் அசையாவிட்டால் பிழையில்லை, சி.டி.யு. நிரம்பவில்லை. எல்லா மோட்டரும் ஒரே நேரத்தில் செத்தால் பொது வயர். ஒன்றின் இரண்டு பக்கமும் செத்தால் அந்த மோட்டரிலிருந்து பொது வயருக்கு வருகிற மூட்டு. ஒரு பக்கம் மட்டும் என்றால் பொத்தான், பிறகு அதன் வயர், கடைசியாகத்தான் காயில். காயிலை மீற்றரில் பாருங்கள்: 4, 5 ஓம் காட்டினால் உயிரோடு இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கியதும் வருகிற, வெயில் வந்ததும் மறைகிற கோளாறு என்றால் வயர் இல்லாத பிஷ்பிளேற் எங்கோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

வயர்களைத் திருகிக் கோர்க்கிற கனெக்ரர் பாரின் திருகுகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறுக்கி, வயர் நுழைகிற வாயில் வசலின் துளி வையுங்கள். தண்டவாளத்தின் மேல்பக்கத்தை ஐசோப்புரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். மணல்தாள் வேண்டாம், அது விடுகிற கீறலில்தான் அடுத்த அழுக்குக் குடியேறும்.

கல் பரப்புவதைக் கடைசிக்கு வையுங்கள், எல்லாப் பொயின்ற்றும் ஐம்பது தடவை பிழையில்லாமல் திரும்பிய பிறகு. இணைகட்டையைச் சுற்றி இரண்டரை சென்றிமீற்றருக்குப் பசை போகக் கூடாது. நீர்த்த பசை சொட்டும்போது நாக்கை நடு நிலையில் வைத்து, காயும்வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையால் அங்குமிங்கும் அசைத்துக்கொண்டிருங்கள். பலகைக்குக் கீழே மோட்டரின் துளைக்கு நேராக ஒரு பழந்துணி கட்டிவிடுங்கள். மேலிருந்து வழிகிற பசை மூக்கு சுவிச்சுக்குள் போனால் மோட்டரைக் கழற்றாமல் எடுக்க முடியாது.